உப்புமலை உளவாளி

ஸ்ரீரங்கன் தன் கதாநாயகனை உப்புமலை உச்சிக்கு ஏற்றி, குகை வாசலில் நிற்க வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்க மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தார். குடித்துக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தவருக்குப் புரையேறியது. குகைக்குள் என்ன இருக்கிறது என்பதை ரசிகர்கள் பக்கத்தில் யாரோ எழுதிவிட்டிருந்தார்கள்.

'குகையைக் காவல் காக்கும் பூதம் வேறு யாருமில்லை. வெண்கோடனின் காணாமல்போன நிழல்தான் அது. இது என் தியரி.'

எழுதியவரின் பெயர் 'உப்புமலை உளவாளி' என்று இருந்தது.

அது தியரி இல்லை, அதுதான் கதையின் முடிவு. சற்று முன்புதான் அது ஸ்ரீரங்கனுக்கே தோன்றி, கைப்பேசியில் பதிவாகியிருந்தது. அவர் இன்னும் அதை யாருக்கும் அனுப்பவில்லை, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கன் இன்சூரன்ஸ் கம்பெனியில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அபார்ட்மெண்டின் முதல் மாடியில் மனைவி விஜயலக்ஷ்மியோடு இருந்தார். 'காதோரம்' என்ற ஆப்பில் 'ஆழித்தேவன்' என்ற புனைபெயரில் ஒரு தொடர்கதை எழுதிவந்தார். நிழலைப் பறிகொடுத்த இளவரசன் வெண்கோடன், அதைத் தேடி உப்புமலைக்குப் போகிற கதை. ஒரு குரல் கலைஞர் அதைப் படிப்பார், ஊரெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் நெரிசலில் ஏறும்போது முன்னால் போகிற பெண் வெண்கோடன் பெயரைச் சொல்லிச் சிரித்ததை ஸ்ரீரங்கனே காதால் கேட்டிருக்கிறார். திரும்பி வந்து அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆழித்தேவன் யார் என்பது பரம ரகசியம். அதை அபார்ட்மெண்டில் எல்லா வீட்டுக்காரர்களிடமும் தனித்தனியாகச் சொல்லி, வெளியே விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது இந்த உளவாளி.

முடிவை அப்படியே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் கேட்கிறவன் முந்திச் சொன்னதை எழுதுகிறவன் பிந்திச் சொன்னால் அவன் எழுத்தாளன் இல்லை, ஸ்டெனோ என்பது ஸ்ரீரங்கனின் கொள்கை. அன்று சாயங்காலமே வெண்கோடன் குகைக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கினான்.

இறங்கினவனைச் சும்மா வைத்திருக்க முடியாது. அடுத்த வாரம் மறுபடி ஏறினான்.

இந்த முறை ஸ்ரீரங்கன் ஜாக்கிரதையாக இருந்தார். கைப்பேசியை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று முதலில் தோன்றியது. மூன்றாவது மாடியில் மஹதி என்ற பெண் இருந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. அவளிடம் கைப்பேசியைக் கொடுத்து, உள்ளே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார். அவள் முன்னும் பின்னும் திருப்பி, எதையெதையோ அழுத்தி, கடைசியில் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"சந்தேகமா இருந்தா நெட்டை ஆஃப் பண்ணிட்டு டிக்டேட் பண்ணுங்க மாமா. ஆனா ஆஃப்லைன்ல அதுக்குக் காது கொஞ்சம் மந்தம். நல்லா சத்தமா, நிறுத்தி நிறுத்திப் பேசணும்."

ஸ்ரீரங்கனுக்குத் தட்டி எழுத வராது. விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தபடி வாயால் சொல்வார், கைப்பேசி எழுதிக்கொள்ளும். மஹதி சொன்னபடி நெட்டை அணைத்துவிட்டு, மேடையில் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நிழலை யாரும் திருடவில்லை. சின்ன வயதில் அதைக் கண்டு பயந்து வெண்கோடனே ஒரு கிழவியிடம் விற்றுவிட்டான். இதுதான் இரண்டாவது முடிவு.

கூடவே ஒரு பொறியும் வைத்தார். விஜயலக்ஷ்மியிடம், வெண்கோடன் சந்நியாசியாகப் போகப்போகிறான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். மஹதியிடம், எல்லாமே அவன் கண்ட கனவு என்றார். இரண்டாவது மாடி ஜவஹரிடம், ஒரு சூனியக்காரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மலையிலேயே தங்கிவிடுகிறான் என்றார். இதில் எது வெளியே வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் ஆள்.

சொல்லிவிட்டு வந்து சமையல்கட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மனைவியையே கவனித்தார். விஜயலக்ஷ்மி இரண்டு கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, எதுக்கு என் மூஞ்சியையே பார்த்துண்டிருக்கேள்?"

ஒன்றுமில்லை என்றார். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி 'டிங்' என்றது.

'நிழலை யாரும் திருடவில்லை. வெண்கோடனே விற்றுவிட்டான். இது என் தியரி. சந்நியாசம், கனவு, கல்யாணம் என்றெல்லாம் ஆசிரியர் ஏமாற்றப் பார்ப்பார். நம்ப வேண்டாம்.'

ஸ்ரீரங்கன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். மனைவியின் கைகளைப் பார்த்தார். பத்து விரலும் எண்ணெயும் பிசினுமாக இருந்தன. அவளில்லை என்பது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. வெண்கோடன் இரண்டாம் முறையாக இறங்கினான்.

இதற்குள் ரசிகர்கள் பக்கத்தில் வேறு ஒரு கூத்து ஆரம்பித்திருந்தது. வெண்கோடன் ஏன் ஏறி ஏறி இறங்குகிறான் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். மதுரைப் பேராசிரியர் ஒருவர் இது பிறவிச் சுழற்சி என்றும், உப்பு என்பது வினைப்பயன் என்றும் நீளமாக எழுதினார். சிங்கப்பூரில் இருந்த இளைஞன் ஒருவன், காலம் வட்டமாகச் சுற்றுவதைப் படம் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினான். ஒரு பெண்மணி, அவனுக்கு நிழல் கிடைத்தே ஆறு மாதமாகிறது, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் தேடுவதுபோல நடிக்கிறான், எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு என்றாள். ஆசிரியரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஒருவன் எழுதியிருந்தான். அதை ஸ்ரீரங்கன் ஆபாசப் பதிவு என்று புகார் கொடுத்து நீக்க வைத்தார். மற்றதையெல்லாம் மெய்மறந்து படித்தார். தான் இவ்வளவு ஆழமாக எழுதுகிறோம் என்பது அவருக்கே அதுவரை தெரியாது.

கேட்பவர்கள் கூடினார்கள். காதோரத்தில் இந்தத் தொடரைக் கவனித்துக்கொள்கிற ஹரி போன் செய்தான். தி.நகரில் ஒரு ஹால் பிடித்திருப்பதாகவும், ரசிகர்களைக் கூட்டிவைத்துக் கடைசி அத்தியாயத்தை மேடையிலேயே ஒலிபரப்பப் போவதாகவும், அது முடிந்ததும் திரையை விலக்கி 'இவர்தான் ஆழித்தேவன்' என்று காட்டப்போவதாகவும் சொன்னான்.

முப்பது வருடம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றபோது, பிரிவுபசார விழாவில் ஸ்ரீரங்கன் பெயரை ஸ்ரீதரன் என்று படித்திருந்தார்கள். ஸ்ரீரங்கன் மறுநாளே பாண்டிபஜாருக்குப் போய் சந்தன நிறத்தில் ஒரு பட்டு ஜிப்பா வாங்கிவந்தார். வீட்டில் ஒருமுறை போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, திரை விலகும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூடப் பார்த்தார். இனி ஒரு முடிவுதான் பாக்கி. உளவாளி தொடாத முடிவு.

அடுத்த சந்தேகம் ஜவஹர் மேல் விழுந்தது. ஜவஹருக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கடையில் துணி மடிக்கிறவர்கள் எல்லாரும் காதில் வெண்கோடனை மாட்டிக்கொண்டுதான் மடிக்கிறார்கள் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். சந்தேகப்பட இது போதாதா? ஸ்ரீரங்கன் காலையில் மாடிக்குப் போய், அந்தக் குகையே ஒரு பெரிய மீனின் வாய் என்று மூன்றாவது முடிவை உரக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார். பிறகு ஜவஹரைக் காபிக்குக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

பேச்சு எங்கெங்கோ போய்விட்டு அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு வந்தது. ஸ்ரீரங்கன் சில காலம் அதன் செக்ரட்டரியாக இருந்தவர். வாசலில் எந்தப் பக்கம் செருப்பு விட வேண்டும், மிக்ஸியை எத்தனை மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, ஈரத்துணி சொட்டினால் யார் துடைக்க வேண்டும் என்றெல்லாம் லிஃப்டில் அறிக்கை ஒட்டியவர். கதை எழுத ஆரம்பித்ததும் நேரமில்லை என்று விட்டுவிட்டார்.

"ஒழுங்கே போயிடுத்து ஜவஹர். நேத்து படியில ஒரு வெங்காயச் சருகு கிடக்கறது. கதை முடியட்டும், முதல் வேலையா நான் மறுபடி பொறுப்பு எடுத்துக்கறேன்."

ஜவஹர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீய சார். கதை எப்போ முடியணுமோ அப்போ முடியட்டும். கலைன்னா சும்மாவா?"

எத்தனை பண்பான மனிதர் என்று ஸ்ரீரங்கன் நினைத்து முடிக்கவில்லை, கைப்பேசி 'டிங்' என்றது. 'குகையே ஒரு மீனின் வாய். இது என் தியரி.'

ஜவஹரின் இரண்டு கையும் டம்ளரில்தான் இருந்தன. அவர் கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மஹதியாக இருக்குமோ என்று ஸ்ரீரங்கன் ஓடிப்போய்ப் படியில் எட்டிப் பார்த்தார். அவள் கீழே தண்ணீர் லாரிக்காரரோடு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுமில்லை.

அப்படியென்றால் மிச்சம் ஒரே ஆள்தான். ஸ்ரீரங்கன் ஹரிக்குப் போன் செய்தார். காதோரம் ஆப் தன் கைப்பேசிக்குள் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறது, நீங்கள்தான் பரபரப்புக்காக உளவாளி என்ற பெயரில் எழுதுகிறீர்கள் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

"சார், முடிவு வந்தா போதும்னு நான் இங்க தவம் கிடக்கேன். நானே எதுக்கு சார் அதைக் கெடுக்கப் போறேன்? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கடைசி அத்தியாயம் வரணும். இல்லேன்னா ஹாலை கேன்சல் பண்ணிடறேன். வெண்கோடன் பாட்டுக்கு ஏறி இறங்கட்டும், எங்களுக்கு நஷ்டமில்லை."

வியாழக்கிழமை விடிந்ததும் ஸ்ரீரங்கன் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் பெசன்ட் நகர் போனார். கடற்கரையில் நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் கண்டு சந்தேகப்பட்டு, வடக்கே ஊரூர்க் குப்பம் பக்கம் நடந்தார். படகுகளுக்கு நடுவே ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. தெரிந்தால்தானே ஒருவன் திருடுவான்?

வெண்கோடன் ஏறினான். வழக்கம்போல உச்சிவெயில். குகை வாசல் வந்தது. உள்ளே போகவும் பிடிக்கவில்லை, இறங்கவும் முடியவில்லை. முதல்முறையாகக் களைத்துப்போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தே இருந்தான். வெயில் சாய்ந்தது. கால் பக்கத்தில் ஏதோ கறுப்பாக ஊர்ந்தது. பார்த்தால் அவன் நிழல். எப்போதும் உச்சிப்பொழுதிலேயே வந்து தேடிவிட்டு அவசரமாக இறங்கியவன், ஒருநாளும் சாயங்காலம் வரை காத்திருந்ததில்லை. நிழல் மெல்ல நீண்டு, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

சொல்லி முடித்து ஸ்ரீரங்கன் பதிவை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே இன்னொரு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சாரே, போன்ல வூட்ல சண்டையா? அழுவாத. சாயந்தரம் சரியாப் பூடும்."

முடிவைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு கணம் அவளையும் சந்தேகப்பட்டார். அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மத்தியானம்வரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். உளவாளி வாயைத் திறக்கவில்லை. ஸ்ரீரங்கனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்துக் கட்டடத்து உச்சியில் இருக்கும் செல்போன் டவர்தான் காரணம். அது அவர் பேச்சை இழுத்து எவனுக்கோ கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. உடனே வைஃபையை அணைத்தார். கைப்பேசியை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, அரிசி டின் பக்கத்தில் வைத்தார்.

விஜயலக்ஷ்மி தூக்கையும் அவரையும் பார்த்துவிட்டு, முடிவு கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். கிடைத்துவிட்டது, ஆனால் சொல்ல மாட்டேன் என்றார். அவள் வற்புறுத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சற்று நேரம் யோசித்தாள்.

"இன்னிக்கு அஷ்டமின்னா. நல்ல காரியம், நாளைக்கு அனுப்புங்கோ. அதுக்குள்ள ஒரு தரம் வாய்விட்டுப் படிச்சுப் பார்த்துடுங்கோ. மாடியில காத்து நன்னா வரது."

அதுவும் சரிதான். வாய்விட்டுப் படித்துக் காதால் கேட்காமல் ஸ்ரீரங்கன் எதையும் அனுப்பியதில்லை. வெயில் தாழ்ந்ததும் மாடிக்குப் போய், கைப்பேசியைத் தூக்கிலிருந்து எடுத்து, டவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கடைசி அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். காற்று நன்றாகத்தான் வந்தது. எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் நின்றது. தனக்காகவே ஊர் அமைதியானதுபோல அவருக்குப் பட்டது.

மறுநாள் காலை குளித்துவிட்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அனுப்புவதற்காகத் தூக்கைத் திறந்தார். நெட்டைப் போட்டதுமே 'டிங்' என்றது.

'குகையில் ஒன்றுமில்லை. வெண்கோடன் சாயங்காலம் வரை காத்திருந்தால் போதும், நிழல் தானாக வரும். இது என் தியரி.'

அதன் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கண்ணீர் விட்டிருந்தார்கள். மதுரைப் பேராசிரியர், தன் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த முடிவு இதுதான் என்று எழுதியிருந்தார். சிங்கப்பூர் இளைஞன் தன் படத்தைக் கிழித்துவிட்டானாம். இன்னொருவர், 'உளவாளி அவர்களே, இந்த ஆழித்தேவனுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படித் தோன்றாது' என்றிருந்தார்.

ஸ்ரீரங்கன் அதை நான்கைந்து தரம் படித்தார். கோபம்கூட வரவில்லை. தன் கதைக்குத் தானே கேட்க ஆசைப்பட்ட பாராட்டெல்லாம் அங்கே இருந்தது, வேறு ஒருவர் பெயரில். இப்போது அதே முடிவை அனுப்பி, மேடையில் திரை விலகினால், உளவாளியிடமிருந்து திருடியவன் என்றுதான் கைகாட்டுவார்கள். ஹரியைக் கூப்பிட்டு, வெண்கோடன் இறங்குகிறான் என்று மட்டும் சொன்னார். ஹரி ஹாலை ரத்து செய்துவிடுவதாகவும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொன்னான். குரலில் அப்படியொன்றும் வருத்தம் இல்லை.

பட்டு ஜிப்பாவை விஜயலக்ஷ்மி வாங்கி மடித்து, பீரோவில் அடித்தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக, அவருக்குப் பிடித்த வெங்காய சாம்பார் வைக்கப்போவதாகச் சொன்னாள். மனைவியிடம் இத்தனை பரிவு இருப்பதைச் சந்தேகப்பட்டோமே என்று ஸ்ரீரங்கனுக்கு வெட்கமாக இருந்தது.

வெங்காயம் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழ்வீட்டில் முந்தின நாள்தான் யாரோ குடிவந்திருந்தார்கள். வாசலில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்ற பெண் அவரைப் பார்த்ததும் வணக்கம் சொன்னாள். தன் பெயர் கீர்த்தி என்றும், இங்கே இன்னும் அதிகம் பேரைத் தெரியாது என்றும் சொல்லி, சார் இந்த பிளாட்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் முகம் மலர்ந்தது. மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நல்லவேளை சார், உங்களைக் கேக்கலாம். அடுத்த வாரம் உளவாளி முறை எங்க வீட்டுதுன்னு விஜி மாமி பாஸ்வேர்டு குடுத்துட்டாங்க, ஆனா மாடியில அந்த மாமா கத்தறது கீழ எங்களுக்கு அரைகுறையாத்தான் கேக்குது. கதை முடிஞ்சு அவரு மறுபடி செக்ரட்டரி ஆயிட்டா, எல்லாரும் என்னைத்தானே சார் திட்டுவாங்க?"